நத்தை தொடங்கிய வழக்கு: கவனக்குறைவுச் சட்டத்தின் கதை

ஒருவர் கவனக்குறைவாக நடந்துகொண்டார். அதனால் இன்னொருவர் காயப்பட்டார். காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டுமா? இன்று யாரைக் கேட்டாலும் "கொடுக்கத்தானே வேண்டும்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் நீதிமன்றங்கள் இந்தப் பதிலுக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. "உனக்கும் எனக்கும் என்ன ஒப்பந்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த சட்டம், "உன்னை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?" என்று கேட்கத் தொடங்கியது 1932ஆம் ஆண்டில்தான். அப்படிக் கேட்க வைத்தவர் ஐந்து பவுண்டு சொத்துகூட இல்லாத ஒரு கடைப் பணிப்பெண். அவருடைய வழக்கில் முக்கிய சாட்சி ஒரு செத்த நத்தை. அந்த நத்தையை எந்த நீதிமன்றமும் பார்க்கவில்லை என்பது இன்னும் பெரிய வேடிக்கை.

மூன்று கேள்விகள்

பிறருக்கு இழைக்கும் தீங்குக்குப் பணமாக ஈடு கேட்க வழி செய்யும் சட்டத்துக்குத் தீங்கியல் சட்டம் என்று பெயர். சட்டக் கல்லூரி மாணவர்கள் 'டார்ட்' என்று சொல்வது இதைத்தான். இது குற்றவியல் சட்டத்திலிருந்து வேறானது. இங்கே யாரும் சிறைக்குப் போவதில்லை. பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த இழப்பை யார் தாங்குவது என்பதே பிரச்சினை.

கவனக்குறைவு வழக்கில் வெல்ல வேண்டுமானால் வாதி மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஒன்று, பிரதிவாதிக்குத் தன் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டிய கடமை இருந்தது. இரண்டு, அந்தக் கடமையிலிருந்து அவர் தவறினார். மூன்று, அந்தத் தவறினால் தனக்குச் சேதம் ஏற்பட்டது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு தோற்றுவிடும். மாடியிலிருந்து ஒருவர் கவனமில்லாமல் பூந்தொட்டியைத் தள்ளிவிடுகிறார், அது யார் மேலும் படாமல் தெருவில் விழுந்து உடைகிறது என்றால், திட்டலாம், வழக்குப் போட முடியாது. சேதம் இல்லாமல் இந்த வழக்கே இல்லை.

இந்த மூன்று கேள்விகளும் ஒரே நாளில் உருவானவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் அடிபட்ட சில மனிதர்கள் இருக்கிறார்கள்.

வைக்கோல் போரும் தபால் வண்டியும்

1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. மென்லவ் என்ற விவசாயி பக்கத்து நிலத்தின் எல்லையை ஒட்டி வைக்கோல் போர் ஒன்றைப் போட்டிருந்தார். அது சூடேறித் தீப்பிடிக்கும் என்று பலர் பல முறை எச்சரித்தார்கள். நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியில் போர் பற்றி எரிந்தது. பக்கத்து நிலத்துக்காரரான வாகனின் குடிசைகளும் சாம்பலாயின. மென்லவ் தரப்பு வாதம் விசித்திரமானது. அவர் தன் புத்திக்கு எட்டியவரை நடந்துகொண்டார், இயற்கை அவருக்கு அவ்வளவு புத்திதான் கொடுத்தது, அதற்கு அவர் என்ன செய்வார் என்றார்கள். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஆளுக்கு ஆள் அளவுகோல் மாறினால் சட்டம் நிலைக்காது, சாதாரண அறிவுள்ள மனிதர் ஒருவர் அந்த இடத்தில் எவ்வளவு கவனமாக இருந்திருப்பாரோ அதுவே அளவு என்று தீர்ப்பாயிற்று. 'நியாயமான மனிதர்' என்று இன்றும் சட்டப் புத்தகங்களில் வருபவர் இந்த வைக்கோல் போரிலிருந்து புறப்பட்டவர்தான்.

ஆனால் ஐந்தே ஆண்டுகளில் சட்டம் ஒரு கதவைச் சாத்தியது. 1842இல் வின்டர்பாட்டம் என்ற தபால் வண்டி ஓட்டுநர், வண்டி உடைந்ததால் தூக்கி எறியப்பட்டு வாழ்நாள் முழுவதும் நொண்டியாகிவிட்டார். வண்டியைப் பழுதில்லாமல் வைத்திருக்க ஒப்புக்கொண்டவர் ரைட் என்பவர். ஆனால் ரைட் ஒப்பந்தம் செய்துகொண்டது தபால் துறைத் தலைவரோடு. ஓட்டுநரை வேலைக்கு வைத்தது வேறொருவர். எனவே ஓட்டுநருக்கும் ரைட்டுக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் இல்லை. இதைக் காரணம் காட்டி வழக்கு தள்ளுபடி ஆயிற்று. இவரை அனுமதித்தால் வண்டியில் வந்த ஒவ்வொரு பயணியும், ஏன், ரோட்டில் நடந்து போனவர்கூட வழக்குப் போடுவார்களே என்று தலைமை நீதிபதி அபிஞ்சர் பிரபு கவலைப்பட்டார். வாதியின் நிலை பரிதாபம்தான், ஆனால் பரிதாபத்துக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது என்றார் இன்னொரு நீதிபதி.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இந்தப் பயத்தின் காரணம் புரியும். ஆலைகளும் ரயில்களும் பெருகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விபத்துக்கும் முதலாளிகள் பணம் கொடுக்க வேண்டும் என்றால் தொழிலே நின்றுவிடும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அந்த வளர்ச்சிக்கான செலவில் ஒரு பங்கை நொண்டியான ஓட்டுநர்களும் தாங்கினார்கள்.

உயிர் போனால் விலை இல்லை

அதைவிடக் கொடுமையான விதி ஒன்று 1808லிருந்து இருந்தது. பேக்கர் என்பவரும் அவர் மனைவியும் போன வண்டி கவிழ்ந்தது. மனைவி அடிபட்டுச் சில வாரங்களில் இறந்துபோனார். மனைவி உயிரோடு இருந்த நாள்வரை கணவருக்கு நேர்ந்த இழப்புக்கு மட்டும் நீதிமன்றம் ஈடு கொடுத்தது. ஒருவரின் மரணத்தைக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்க முடியாது என்றார் எல்லன்பரோ பிரபு.

விளைவு என்ன? கவனக்குறைவால் ஒருவரின் காலை உடைத்தவர் பணம் கொடுக்க வேண்டும். உயிரையே எடுத்துவிட்டால் குடும்பத்துக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்! ரயில் விபத்துகள் கூடிய பிறகுதான் பாராளுமன்றம் விழித்துக்கொண்டது. 1846இல் கேம்பல் பிரபு கொண்டுவந்த சட்டத்தால், இறந்தவரை நம்பி வாழ்ந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்காக நட்டஈடு கேட்கும் வழி பிறந்தது. அதே மாதிரியான சட்டம் 1855இல் இந்தியாவுக்கும் வந்தது.

கதவு மெல்லத் திறந்தது

ஒப்பந்தம் என்ற சுவரில் விரிசல்கள் விழத் தொடங்கின. 1883இல் கப்பலுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி ஒருவர், கயிறு அறுந்து சாரத்திலிருந்து விழுந்தார். கயிறு ஏற்கனவே தீயில் கருகியிருந்தது. சாரத்தைக் கொடுத்த கப்பல்துறை உரிமையாளரோடு அவருக்கு ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் அவர் வென்றார். நம் செயலால் இன்னொருவருக்குத் தீங்கு வரக்கூடும் என்று சாதாரண மனிதருக்குத் தோன்றும் நிலையில், கவனமாக இருக்கும் கடமையும் பிறந்துவிடுகிறது என்று நீதிபதி பிரெட் ஒரு பொது விதியையே வகுக்கப் பார்த்தார். உடன் இருந்த இரண்டு நீதிபதிகளும் தீர்ப்பை ஒப்புக்கொண்டார்கள், அந்தப் பொது விதியை ஒப்புக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே போயிற்று. மக்பர்சன் என்பவர் ஓட்டிய பியூக் காரின் மரச்சக்கரம் நொறுங்கியது. அவர் காரை வாங்கியது விற்பனையாளரிடம், பியூக் கம்பெனியிடம் அல்ல. ஆனால் கவனமில்லாமல் செய்தால் ஆபத்தாகும் பொருளைச் செய்து விற்பவர், அது யார் கைக்குப் போகும் என்று எதிர்பார்க்கிறாரோ அவர்களுக்கும் பொறுப்பு என்று நீதிபதி கார்டோசோ எழுதினார்.

பெய்ஸ்லி நகரில் ஒரு மாலை

1928 ஆகஸ்டு 26, ஞாயிற்றுக்கிழமை. மே டோனஹியூ என்ற முப்பது வயதுப் பெண் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து பக்கத்து ஊரான பெய்ஸ்லிக்கு வந்து, தோழியோடு வெல்மெடோ கபே என்ற கடையில் உட்கார்ந்தார். கணவரைப் பிரிந்து, கடையில் வேலை பார்த்து வாழ்ந்தவர் அவர். தோழிதான் காசு கொடுத்தார். மேக்கு ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வந்தன. (ஜிஞ்சர் பீர் என்பது பெயரில்தான் பீர். இஞ்சிச் சுவையுள்ள குளிர்பானம்.) கடைக்காரர் ஐஸ்கிரீம் மேல் கொஞ்சம் ஊற்றினார். மே குடித்தார். பிறகு தோழி மீதியை ஊற்றியபோது, பாதி அழுகிய நத்தை ஒன்று புட்டியிலிருந்து வந்து விழுந்தது என்பது வழக்கு. கறுத்த நிறப் புட்டி என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அதைப் பார்த்த அதிர்ச்சியும் குடித்ததன் விளைவும் சேர்ந்து மே நோயில் விழுந்தார், மருத்துவமனையில் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று என்றார்கள்.

இப்போது அவர் யார் மேல் வழக்குப் போடுவது? வாங்கியது தோழி, எனவே கடைக்காரரோடு ஒப்பந்தம் தோழிக்குத்தான். தோழிக்கோ உடம்புக்கு ஒன்றுமில்லை. கடைக்காரர் மூடிய புட்டியைத் திறந்து கொடுத்தாரே தவிர வேறு தவறு செய்யவில்லை. பானத்தைத் தயாரித்தவர் அதே ஊரின் டேவிட் ஸ்டீவன்சன். அவரோடு மேக்கு ஒப்பந்தமே இல்லை. பழைய சட்டப்படி காயப்பட்டவருக்கு உரிமை இல்லை, உரிமை உள்ளவருக்குக் காயம் இல்லை.

வால்டர் லீச்மன் என்ற வழக்கறிஞர் இந்த வழக்கை எடுத்தார். ஜிஞ்சர் பீர் புட்டியில் செத்த எலி கிடந்தது என்ற இன்னொரு வழக்கில் 1929 மார்ச்சில்தான் அவர் தரப்பு தோற்றிருந்தது. அந்தத் தோல்வி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 9 அன்று மேவுக்காக 500 பவுண்டு கேட்டு ஸ்டீவன்சன் மேல் வழக்குத் தொடுத்தார். இந்தப் பிடிவாதம் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

முதலில் விசாரித்த நீதிபதி, சொல்லப்படும் சம்பவம் உண்மையானால் வழக்குச் செல்லும் என்றார். அடுத்த கட்டத்தில், 1930 நவம்பரில், எலி வழக்கைக் காட்டி மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளிவிட்டார்கள். மீதி இருந்தது லண்டனில் உள்ள பிரபுக்கள் சபை ஒன்றுதான். அங்கே போக முன்பணம் கட்ட வேண்டும். மேவிடம் பணம் இல்லை. உலகத்தில் தனக்கு ஐந்து பவுண்டு மதிப்புள்ள சொத்துகூடக் கிடையாது என்று அவர் சத்தியப் பிரமாணம் செய்தார். அவர் ஏழைதான் என்று தேவாலயப் போதகரும் இரண்டு மூப்பர்களும் சான்றளித்தார்கள். ஏழை வழக்காடியாக மேல்முறையீடு செய்ய அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான தீங்கியல் தீர்ப்பு அப்போது பிறந்திருக்காது.

அயலார் என்பவர் யார்?

1932 மே 26. ஐந்து நீதிபதிகளில் மூவர் மேவுக்கு ஆதரவு, இருவர் எதிர்ப்பு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்!

எதிர்த்தவர்களில் ஒருவரான பக்மாஸ்டர் பிரபுவின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தத்தைத் தாண்டி ஒரு படி போகலாம் என்றால் ஏன் ஐம்பது படி போகக்கூடாது, இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். 1842இல் அபிஞ்சர் பிரபுவுக்கு வந்த அதே பயம்.

அதற்குப் பதில் சொன்னவர் அட்கின் பிரபு. ஆஸ்திரேலியாவில் பிறந்து வேல்சில் வளர்ந்தவர். அவர் தொட்டது பைபிளின் நல்ல சமாரியன் கதையில் வரும் கேள்வியை. பிறரை நேசி என்று சமயம் சொல்கிறது. சட்டம் அவ்வளவு கேட்பதில்லை, பிறரைக் காயப்படுத்தாதே என்று மட்டும் கேட்கிறது. அப்படியானால் சட்டத்தில் அந்தப் பிறர், அந்த அயலார், யார்? நம் செயலால் நேராகவும் நெருக்கமாகவும் பாதிக்கப்படக்கூடியவர்கள், எனவே அந்தச் செயலைச் செய்யும்போது நாம் நியாயமாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவர்கள். இதுதான் அவர் பதிலின் சாரம். பக்கத்து வீட்டில் இருப்பவர் மட்டும் அயலார் அல்லர். புட்டியை அடைக்கும் தொழிலாளிக்கு, அதை எங்கோ திறந்து குடிக்கப்போகும் முகம் தெரியாத பெண்ணும் அயலார்தான்.

இந்தத் தீர்ப்பு நத்தை உண்மையா என்று ஆராயவில்லை. நத்தை இருந்தது என்றே வைத்துக்கொண்டால் சட்டம் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் தந்தது. உண்மையை விசாரிக்க வழக்கு திரும்பி வரும் முன், 1932 நவம்பரில் ஸ்டீவன்சன் இறந்துபோனார். பிறகு அவர் தரப்பினர் சமரசம் செய்துகொண்டார்கள். மேவுக்குக் கிடைத்தது 200 பவுண்டு என்று சொல்லப்படுகிறது. நத்தை இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை.

எவ்வளவு கவனம் போதும்?

கடமை இருக்கிறது என்பதற்காக எல்லா விபத்துக்கும் பணம் கிடைத்துவிடாது. 1951இல் வந்த கிரிக்கெட் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்தின் சீத்தம் என்ற இடத்தில் ஒரு பேட்ஸ்மேன் அடித்த சிக்சர், மைதானத்தின் வேலியைத் தாண்டி ரோட்டில் நின்றிருந்த மிஸ் ஸ்டோனைத் தாக்கியது. முப்பது ஆண்டுகளில் ஆறு முறை அளவில்தான் பந்து அப்படி வெளியே போயிருந்தது. இவ்வளவு அபூர்வமான ஆபத்துக்காக மேலும் எதுவும் செய்யாமல் இருந்தது கவனக்குறைவு ஆகாது என்று பிரபுக்கள் சபை முடிவு செய்தது. அடிபட்ட மிஸ் ஸ்டோனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அதே சபை வேறொரு வழக்கில் தொழிலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. பாரிஸ் என்பவர் ஒரு நகராட்சிப் பணிமனையில் வேலை செய்தவர். அவருக்கு ஒரு கண் ஏற்கனவே தெரியாது, இது நகராட்சிக்கும் தெரியும். வேலையின்போது இரும்புத் துணுக்கு பறந்து நல்ல கண்ணில் பட்டு இரண்டும் போயிற்று. பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கப்படவில்லை. இரண்டு கண் உள்ளவருக்கு ஒரு கண் போவதும், ஒரே கண் உள்ளவருக்கு அது போவதும் ஒன்றல்ல. சேதம் எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடுமோ அவ்வளவு கூடுதலாகக் கவனமும் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

எதுவரை சேதம், எவ்வளவு பணம்?

அடுத்த சிக்கல், ஒரு சின்னத் தவறிலிருந்து பெரிய நாசம் கிளம்பினால் எல்லாவற்றுக்கும் பொறுப்பா என்பது. 1921இல் ஒரு வழக்கில் கப்பலின் சரக்கறைக்குள் பலகை ஒன்று தவறி விழுந்தது. பொறி கிளம்பி, பெட்ரோல் ஆவி பற்றி, கப்பலே எரிந்துபோயிற்று. நேரடி விளைவு என்பதால் முழுக் கப்பலுக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 1961இல் இந்த நிலை மாறியது. சிட்னி துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து கொட்டிய உலை எண்ணெய் நீரில் பரவிப் பின்னர் தீப்பிடித்து, துறைமேடையை எரித்தது. அப்படித் தீப்பிடிக்கும் என்று முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாது என்பதால், அந்தத் துறைமேடை எரிந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றது பிரிவி கவுன்சில். எதிர்பார்த்திருக்கக்கூடிய வகைச் சேதத்துக்கு மட்டுமே பொறுப்பு என்பது அதிலிருந்து விதியாயிற்று.

அடிபட்டவர் மேலும் தவறு இருந்தால்? 1809இல், ரோட்டின் குறுக்கே ஒருவர் வைத்திருந்த கம்பத்தில் வேகமாகக் குதிரை ஓட்டி வந்தவர் மோதி விழுந்தார். அவரும் கவனமாக வரவில்லை என்பதால் எதுவும் கிடைக்கவில்லை. தன் தவறு கொஞ்சம் இருந்தாலும் மொத்தமும் போய்விடும் என்ற இந்த விதி 1945வரை இங்கிலாந்தில் இருந்தது. அந்த ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அவரவர் தவறின் அளவுக்கு ஈட்டைக் குறைத்துப் பங்கிடும் முறை வந்தது.

பணத்தின் அளவுக்கு அடிப்படை 1880இல் பிளாக்பர்ன் பிரபு சொன்னது. தீங்கு நடக்காமல் இருந்திருந்தால் பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலையில் அவரை வைக்க வேண்டும். மருத்துவச் செலவையும் இழந்த சம்பளத்தையும் கணக்குப் போடலாம். போன கண்ணுக்கும் இறந்த பிள்ளைக்கும் என்ன கணக்கு? இந்த இடத்தில் எந்த நீதிமன்றமும் ஒரு மதிப்பீடுதான் செய்கிறது. அதற்கு மேல் பணத்தால் செய்ய முடியாது.

இந்தியாவுக்கு வந்தபோது

இந்தியாவில் தீங்கியலுக்கென்று தனித் தொகுப்புச் சட்டம் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் வந்த பொதுச் சட்டத்தை நம் நீதிமன்றங்கள் நம் சூழ்நிலைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டன. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. கட்டடத்துக்கு 80 வயது. பயன்படுத்திய சாந்தின் தரத்தைப் பார்த்தால் மேல்தளம் 40, 45 ஆண்டுகள்தான் தாங்கும். ரோட்டோரக் கட்டடம் இப்படி விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி, வேறு சாட்சி வேண்டாம் என்று மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது.

ஆனால் கவனக்குறைவு என்ற கருவி எல்லா இடத்திலும் போதாது என்பதையும் இந்தியா கற்றுக்கொண்டது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஓர் ஆண்டு கழித்து, 1985 டிசம்பரில், டெல்லியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் ஒரு புது விதியைச் சொன்னது. ஆபத்தான தொழிலை லாபத்துக்காக நடத்துகிறவர், "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தீங்கு நடந்தால் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். ஆலைக்குள் யார் தவறினார்கள் என்று வெளியே இருக்கும் ஏழை எப்படி நிரூபிப்பார் என்ற கவலை இதன் பின்னால் இருந்தது.

விதி வந்தது. போபால் மக்களுக்கு அது முழுதாகப் பயன்படவில்லை. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. கூடுதல் தொகை கேட்டு மத்திய அரசு போட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நல்ல விதியும் அடிபட்டவர் கையில் கிடைக்கும் பணமும் இரண்டு வேறு விஷயங்கள் என்பதற்குப் போபாலைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

குளிர்பானப் புட்டியைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு வந்தால் தயாரித்தவரையே நேரடியாகக் கேட்கலாம்.

முடிவாக

மே டோனஹியூ 1958இல் இறந்தார். வெல்மெடோ கபே இன்று இல்லை. அது இருந்த இடத்துக்கு அருகில் ஒரு நினைவுக் கல் மட்டும் நிற்கிறது. உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் முதல் ஆண்டில் படிக்கும் பெயராக அவர் பெயர் ஆகிவிட்டது.

1842இல் நொண்டியான ஓட்டுநருக்கும் 1928இல் நோயில் விழுந்த பெண்ணுக்கும் இருந்த குறை ஒன்றுதான், அவர்கள் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஓட்டுநரைச் சட்டம் திருப்பி அனுப்பியது. பெண்ணை உள்ளே விட்டது. இன்று மருந்து வாங்குகிறவரும் பஸ்ஸில் போகிறவரும் லிஃப்டில் ஏறுகிறவரும் அதைச் செய்தவர்களைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் "என்னை நீங்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. ஐந்து பவுண்டு இல்லாத ஒரு பெண் விட்டுக்கொடுக்காமல் கேட்டதால் வந்த உரிமை அது.